காலாவதியான இன்சுலின் ஸதகாவா?



வீட்டில் ஒருவர் மௌத்தானால் பிரிட்ஜில் மிஞ்சிய இன்சுலின் போத்தல்களை "வீணாகக் கூடாது" என்று ஏழைகளுக்குக் கொடுக்கிறோம். திகதி முடிந்திருந்தாலும் "தெளிவாத்தானே இருக்கு" என்கிறோம். இதற்கு ஸதகா என்று பெயர் வைக்க நமக்கு வெட்கமில்லையா?

சில மாத்திரைகள் திகதி தாண்டியும் வேலை செய்யலாம். அந்தக் கணக்கு இங்கே சரிவராது. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைட். சூடு பட்டாலும் உறைந்தாலும் அந்தக் கோவை குலைந்து பலம் போய்விடும், பார்வைக்குத் தெளிவாகவே இருந்தாலும். நஞ்சாகிவிடும் என்று சொல்லவில்லை. ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதியில் நாம் இருக்க, சீனி ஏறிக்கொண்டே போகும். இன்சுலினையே நம்பியிருக்கும் சின்னப் பிள்ளை என்றால் ஓரிரு நாளில் உயிராபத்து.

போத்தலில் உள்ள திகதியும் திறக்காமல் 2–8 பாகை செல்சியஸில் வைத்தால்தான் செல்லும். திறந்த பிறகு பெரும்பாலானவற்றுக்கு 4 முதல் 6 கிழமைதான். 10 மில்லிலீட்டர் போத்தலில் 1000 அலகு. தினம் 20 அலகு போடும் உம்மாவுக்கு அது 50 நாள் வரும். அப்போ கடைசிக் கிழமை என்னத்தைப் போடுகிறோம்? திறந்த திகதியை எழுதி வைக்கும் வீடு நம் ஊரில் எத்தனை?

கையில் இருப்பது பழசு என்று ஊசியை நிறுத்திவிடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதியது கேளுங்கள். கொடுக்க மனமுள்ளவர்கள் புதுப் போத்தலுக்குக் காசு கொடுங்கள்.