தங்கம் வாங்கச் சொல்கிறவர்களே, சம்பளத்தைக் கூட்டுங்கள்



நாட்டுக் காசை நம்பாதே, தங்கத்தை நம்பு என்று சொல்கிற கூட்டமொன்று இப்போது தோட்டங்களுக்குள்ளும் வந்துவிட்டது. சம்பள நாளில் லயத்து முற்றத்தில் நின்று, மாதாமாதம் கட்டினால் வருட முடிவில் மோதிரம் என்று துண்டுப்பிரசுரம் கொடுக்கிறார்கள். கடைத்தெருவிலும் கலியாணப் பந்தலிலும் இதே பேச்சுத்தான். ரூபாய் மறுபடி விழுமாம், தங்கம் மட்டும் நிற்குமாம். இதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை சங்கத்துக்கு உண்டு.

திருக்கோவில் தொடக்கம் கல்முனை வரை இந்தக் கரையோரத்தில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கப் போனவர்கள் நாங்கள். தமிழரும் இருக்கிறோம், முஸ்லிம்களும் இருக்கிறோம். தங்க விலை என்ன பாடு படுத்துகிறது என்று அறிய எங்களுக்குப் பத்திரிகை தேவையில்லை. வகுப்பிலே பெண்பிள்ளையின் காதைப் பார்த்தால் போதும். தோடு இருந்த துளையில் ஈர்க்குக் குச்சி செருகியிருந்தால் அந்த வீட்டுத் தோடு அடகுக் கடையில் இருக்கிறது என்று அர்த்தம். துளை தூர்ந்து போகாமல் இருக்கத்தான் குச்சி. மீட்கலாம் என்ற நம்பிக்கை தாய்க்கு இன்னும் இருக்கிறது. மலையிலும் இதைக் கண்டோம், எங்கள் கடற்கரை ஊர்களிலும் இதைத்தான் காண்கிறோம்.

தங்கம் காக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். டொலர் 200 ரூபாயிலிருந்து மே மாதத்துக்குள் 360 ஆனது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருளுக்கு மட்டும் 94.9 சதவீதம். அந்த நேரம் பெட்டிக்குள் பத்துப் பவுன் வைத்திருந்தவர் தப்பினார், உண்மை. ஆனால் அந்தப் பத்துப் பவுன் யாருடைய பெட்டியில் இருந்தது?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பவுன் என்றால் எட்டுக் கிராம். செய்கூலி, சேதாரம், கடைக்காரர் இலாபம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உலகச் சந்தை விலையை மட்டும் எடுப்போம். 2022 தொடக்கத்தில் ஒரு பவுன் சுத்தத் தங்கம் ஏறக்குறைய 93,000 ரூபாய். தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஆக, 93 நாள் உழைப்பு. அதே வருடம் மே மாதத்தில் சம்பளம் அதே 1,000. பவுனுக்கு 170 நாள் உழைக்க வேண்டும். 2024இல் சம்பளம் 1,350 ஆனது. 2025 ஒக்டோபரில் தங்கம் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியபோது ஒரு பவுனுக்கு 230 நாள் உழைப்பு வேண்டியிருந்தது. மாதம் 25 நாள் பெயர் விழுந்தாலும் ஒன்பது மாதத்துக்கு மேல் உண்ணாமல் உடுக்காமல் இருந்தால்தான் ஒரு பவுன். இதைத்தான் பாதுகாப்பு என்று எங்கள் சனத்துக்கு விற்க வருகிறார்கள்.

தங்கம் ஏறினால் தொழிலாளிக்கும் இலாபந்தானே, அடகு வைத்தால் கூடக் காசு கிடைக்குமே என்று கேட்பவர்கள் 2013ஐ மறந்துவிட்டார்கள். அதற்கு முந்திய வருடங்களில் விலை ஏறிக்கொண்டே போனது. வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு பவுனுக்குக் கூடுதலாக முற்பணம் கொடுத்தன. எங்கள் பெண்கள் தாலிக்கொடியையும் காப்பையும் கொண்டுபோய் வைத்து, வீட்டுக்குக் கூரை போட்டார்கள், விதை நெல் வாங்கினார்கள், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கம் சில நாட்களுக்குள் சரிந்தது. நகையின் பெறுமதியைவிட முதலும் வட்டியும் கூடிப் போனது. மீட்க வழியில்லாமல் விட்டவர்களின் நகைகள் ஏலத்துக்குப் போயின. வங்கிகளுக்கும் நட்டம் வந்தது. அவற்றைத் தாங்க அரசாங்கம் இருந்தது. கழுத்து வெறுங்கழுத்தாகிப் போனவளைத் தாங்க யார் இருந்தார்கள்?

நல்ல வருடத்தில் வாங்கி, கெட்ட வருடத்தில் கைவிடாமல் வைத்திருப்பவனுக்குத்தான் தங்கம் காவல். கூலிக்காரன் அதைக் கைவிடுவதே கெட்ட வருடத்தில்தான். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியது. அரிசிக்கும் மருந்துக்கும் நகை வைக்க ஓடிய காலமும் அதுதான்.

தனி மனிதரை விடுங்கள், அரசாங்கங்களின் கதையும் இதுதான். 1991இல் இந்தியா அந்நியச் செலாவணி தீர்ந்து, 47 தொன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் யப்பான் வங்கியிலும் ஈடு வைத்தது. நமது மத்திய வங்கியும் 2021 முடிவில் தன் தங்கக் கையிருப்பில் பாதிக்கு மேல் விற்றது. நான்கு மாதம் கழித்து, 2022 ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். இரத்தினக் கல்லை நம்புவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 யூலையில் இரத்தினபுரியில் 510 கிலோ நீலக்கல் கொத்து கிடைத்தது, பத்துக் கோடி டொலர் பெறும் என்று உலகமெல்லாம் செய்தி போனது. ஒன்பது மாதத்தில் இந்த நாட்டில் காஸ் சிலிண்டருக்கு வரிசை. கல்லுக்கு விலை சொல்பவன் வியாபாரி. அந்தக் கல் கிடைக்கிற மண்ணுக்கு மேலே இறப்பர் பால் வெட்டுகிறவளிடம் யாரும் விலை கேட்பதில்லை.

பெட்டிக்குள் இருப்பது பத்திரம் என்பதும் இந்தக் கரையில் எடுபடாது. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோனது. அலுமாரியோடு போன சீதன நகைக்குக் கணக்கே இல்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது, யாழ்ப்பாணத்தில் வழியிலே வைத்து நகைகளைப் பறித்துக்கொண்டார்கள். கழுத்தில் கிடப்பதைக் கழற்றச் சொல்ல ஒரு துவக்குப் போதும்.

அப்படியானால் தொழிலாளிக்குச் சேமிப்பே இல்லையா? இருக்கிறது. அவள் ஏற்கெனவே சேமித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் சம்பளத்தில் 8 சதவீதமும் தொழில் கொள்வோர் பங்காக 12 சதவீதமும் போகின்றன. அந்தக் காசுக்கு 2022இல் கொடுத்த வட்டி 9 சதவீதம். விலைவாசி எங்கே நின்றது என்று மேலே சொல்லிவிட்டோம். போதாததற்கு, 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளின் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. சேமலாப நிதியின் முறிகளின் மேல்தான் கை வைத்தார்கள். முதலில் 12 சதவீதம், பிறகு முதிர்வு வரை 9 சதவீதம் என்று வட்டியைக் கட்டிப்போட்டார்கள். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவளின் காசு கரைந்தபோது, நீ தங்கம் வாங்கியிருக்கலாமே என்று அவளுக்கே புத்தி சொல்வது அநியாயம்.

எங்கள் கோரிக்கை தெளிவானது. வாழ்க்கைச் செலவு ஏறும்போது தானாக ஏறுகிற சம்பளம் வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தெருவில் நின்று கேட்கிற பிச்சை வேண்டாம். சேமலாப நிதிக்குப் பணவீக்கத்துக்குக் குறையாத வட்டி வேண்டும். அந்த நிதியை ஆள்கிற இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். அடகு வட்டிக்கு உச்ச வரம்பு வேண்டும். ஏல அறிவித்தல் தமிழில், உரிய காலத்துக்கு முன்பே, வைத்தவரின் கைக்கு வர வேண்டும். ஏலத்தில் கடனுக்கு மேல் விழுந்த காசு அவருக்கே திரும்ப வேண்டும். கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் நகை அடகு பிடிக்கின்றன; அந்தச் சேவை தோட்டத்துக்குள்ளும் வரட்டும். சீட்டுக்காரனுக்கு லயத்து முற்றம் திறந்திருக்கலாம், கூட்டுறவுக்கு ஏன் பூட்டு?

வெறும் பேச்சாக இதைக் கொண்டுபோனால் தொழில் திணைக்களமும் கம்பனிகளும் கேட்கப்போவதில்லை. ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் கமிட்டித் தலைவியிடம் உங்கள் அடகுத் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டுங்கள். நகையின் நிறை, வைத்த திகதி, பெற்ற காசு, வட்டி, ஏலத் திகதி ஆகிய ஐந்தையும் கொப்பியில் எழுதித் துண்டை உடனே திருப்பித் தருவோம். பெயர் எழுத மாட்டோம். ஏலத்தில் போன நகைகளின் பழைய துண்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், எறிந்துவிடாதீர்கள்.