பெயரைப் பார்த்தா கல்லூரியைத் தெரிவு செய்வது?



ஏ லெவல் படிக்கும் வயது வந்துவிட்டால், கலியாண வீட்டுக்குப் போவது கொஞ்சம் கஷ்டம்தான். சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்தவுடன் யாராவது ஒரு மாமி பக்கத்தில் வந்து நிற்பார்.

"என்ன பிள்ளை, எங்க படிக்கப் போறீர்?"

"கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிக்கப் போறன், மாமி. இயற்கை விஞ்ஞானம் படிக்க விருப்பம்."

"ஆ, நல்லது! அங்க எந்தக் காலேஜ்? நல்ல பேர் இருக்கிற காலேஜாப் பாத்துப் போடும்!"

மாமி நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த அறிவுரை சரியா? சரியில்லை என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 31 கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் 29 கல்லூரிகள், முதல் பட்டம் படிக்க வருபவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. கல்லூரி என்பது நீங்கள் தங்கும் இடம், சாப்பிடும் இடம், நண்பர்களைச் சந்திக்கும் இடம். ஆனால் விரிவுரைகளையும் ஆய்வுகூட வகுப்புகளையும் நடத்துவது பல்கலைக்கழகம். 1284ஆம் ஆண்டில் தொடங்கிய பீற்றர்ஹவுஸ் கல்லூரி மாணவரும், 1960இல் தொடங்கிய சேர்ச்சில் கல்லூரி மாணவரும் ஒரே மண்டபத்தில் இருந்து ஒரே விரிவுரையைக் கேட்பார்கள். ஒரே பரீட்சையை எழுதுவார்கள். பட்டம் தருவதும் பல்கலைக்கழகம்தான். அப்படியென்றால், கல்லூரியின் பெயருக்காக ஏன் இவ்வளவு கவலை?

"டிரினிற்றி கல்லூரியில்தானே நியூட்டன் படித்தார்?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் உங்களுக்குப் பாடம் சொல்லித்தர நியூட்டன் வரமாட்டாரே!

சார்ள்ஸ் டார்வினை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1828இல் கிறைஸ்ற்ஸ் கல்லூரிக்கு வந்தார். அவர் ஒரு பாதிரியாராக வரவேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். டார்வினுக்கோ வண்டு பிடிப்பதில்தான் ஆசை! அங்கே தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவின் பழக்கம் அவருக்குக் கிடைத்தது. இருவரும் நெடுந்தூரம் நடந்து, செடிகளைப் பற்றியும் பூச்சிகளைப் பற்றியும் பேசுவார்கள். 1831இல் 'பீகிள்' கப்பலில் போக டார்வினின் பெயரைச் சொன்னவரும் ஹென்ஸ்லோதான். அந்தப் பயணம் விஞ்ஞானத்தையே மாற்றியது. ஹென்ஸ்லோ டார்வினின் கல்லூரியைச் சேர்ந்தவர் அல்லர். அவர் செயின்ற் ஜோன்ஸ் கல்லூரிக்காரர். டார்வினுக்கு உதவியது கல்லூரியின் பெயரா? இல்லை. ஒரு நல்ல ஆசிரியரும், டார்வினின் சொந்த ஆர்வமும்தான்.

"அப்ப எல்லாக் கல்லூரியும் ஒண்டுதானே? கண்ணை மூடிக்கொண்டு ஒண்டைப் போடலாமே!" என்று நினைக்கிறீர்களா? அதுவும் சரியில்லை. கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் உண்டு. ஆனால் அது பெயரில் இல்லை. உங்கள் அன்றாட வாழ்க்கையில் இருக்கிறது.

முதலில் தூரத்தைப் பாருங்கள். கேர்ட்டன் கல்லூரி நகரின் நடுவிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. அமைதியான இடம், பெரிய தோட்டம். ஆனால் காலை ஒன்பது மணி விரிவுரைக்கு, மழையிலும் குளிரிலும் சைக்கிள் ஓடவேண்டி வரலாம். உங்களுக்கு அது சந்தோஷமா, சலிப்பா?

அடுத்தது, செலவு. படிப்புக் கட்டணம் எந்தக் கல்லூரியிலும் ஒன்றுதான். அறை வாடகை அப்படி இல்லை. இயற்கை விஞ்ஞானத்தை மூன்று வருடமும் படிக்கலாம், நான்கு வருடமும் படிக்கலாம். ஆகவே, "நாலாவது வருஷமும் அறை தருவீங்களா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்க வெட்கப்படவே கூடாது. வாடகை கட்டப்போவது உங்கள் வீட்டுக் காசு அல்லவா?

மூன்றாவது, மனிதர்கள். இரண்டு மூன்று மாணவர்கள் ஓர் ஆசிரியரோடு இருந்து பேசிப் படிக்கும் சிறு வகுப்புகளைக் கல்லூரிதான் ஒழுங்கு செய்கிறது. சிறிய கல்லூரியில் எல்லோரையும் விரைவில் பழகிக்கொள்ளலாம். பெரிய கல்லூரியில் பலவகையான நண்பர்கள் கிடைப்பார்கள். நியூனம் கல்லூரியில் பெண்கள் மட்டுமே படிக்கிறார்கள். டி.என்.ஏ. ஆய்வில் புகழ்பெற்ற றோசலின்ட் ஃபிராங்க்ளின் அங்கே இயற்கை விஞ்ஞானம் படித்தவர். எது உங்களுக்குப் பொருந்தும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கல்லூரியை விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் படிப்பே உங்களுக்கு ஏற்றதா? முதல் வருடத்தில் மூன்று விஞ்ஞானப் பாடங்களோடு கணிதமும் படிக்கவேண்டும். "எனக்கு இரசாயனமும் பிடிக்கும், உயிரியலும் பிடிக்கும்" என்பவருக்கு இது விருந்து. "எனக்குப் பௌதிகம் மட்டும் போதும்" என்பவருக்கு, அந்த ஒரு பாடத்தையே ஆழமாகச் சொல்லித்தரும் வேறு பல்கலைக்கழகம் நல்லதாக இருக்கலாம். ஒரே வருடத்தில் ஒக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்பிக்க முடியாது. ஆகவே முதலில் படிப்பு, பிறகுதான் கல்லூரி.

கல்லூரியைத் தெரிவு செய்ய முடியவில்லையா? பயப்பட வேண்டாம். கல்லூரியின் பெயரைப் போடாமலும் விண்ணப்பிக்கலாம். நீங்கள் கேட்ட கல்லூரியில் இடம் இல்லாவிட்டாலும், நல்ல மாணவர் என்று நினைத்தால் மற்றக் கல்லூரிகள் பார்ப்பதற்காக உங்கள் விண்ணப்பத்தை அனுப்பிவைப்பார்கள்.

சரி, எங்குமே கிடைக்கவில்லை என்றால்? சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்பெற்ற ஐ.ஐ.டி.யில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பரோடாவில் பௌதிகம் படித்தார். பிறகு உயிரியலுக்கு மாறினார். 2009இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அப்போது அவர் வேலை செய்த ஆய்வுகூடம் எங்கே இருந்தது தெரியுமா? கேம்பிரிட்ஜில்தான்!

ஆகவே மாணவர்களே, கல்லூரிகளுக்கு நேரில் போய்ப் பாருங்கள். அங்கே படிக்கிறவர்களோடு பேசுங்கள். அம்மா அப்பாவின் கருத்தையும் கேளுங்கள். ஆனால் அந்த அறையில் காலையில் எழும்பப்போவது நீங்கள்தான் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்த கலியாண வீட்டில் மாமி மறுபடியும் கேட்டால் இப்படிச் சொல்லலாம்: "பேரைப் பாக்கேல்ல மாமி. எனக்குச் சரிவருமா எண்டு பாத்தனான்."

சிந்தித்துப் பேசுவோம்

1. கட்டுரையாளரின் கருத்தை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா? இரண்டு காரணங்கள் சொல்லுங்கள்.
2. உங்கள் கல்லூரியில் உங்களுக்கு மிக முக்கியமானது எது: தூரம், செலவு, மனிதர்கள்? ஏன்?
3. மாமியாக ஒருவரும் மாணவராக ஒருவரும் நடித்துப் பேசுங்கள்.