கேப் டவுன் டூர் போறீங்களா? கேமராவை எடுக்கும் முன் இதைப் படிங்க!

கேப் டவுன் விமான நிலையத்தில் இறங்கி என்-2 நெடுஞ்சாலையில் நகருக்குள் போகும்போது, டேபிள் மலையைத் தேடும் கண்ணில் படுவது சாலையோரத் தகரக் குடிசைகள். கொஞ்ச நேரத்தில் கடலோர சொகுசு ஹோட்டல்கள்.

ஏன் இப்படி?

இது தானாக வந்த நிலை இல்லை. யார் எங்கே வசிக்கலாம் என்பதை இனத்தை வைத்து முடிவு செய்தது 1950-ல் வந்த சட்டம். நகர மையத்தை ஒட்டிய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் 1966-ல் ‘வெள்ளையர் பகுதி’ ஆனது. சுமார் 60,000 பேர் தொலைவில் உள்ள மணல்வெளிக்கு விரட்டப்பட்டார்கள். 1994-ல் நிறவெறி ஆட்சி முடிந்தது. ஆனால், அது பிரித்துப்போட்ட ஊர் இன்னும் ஒன்றாகவில்லை. உலக வங்கியின் கணக்கில், ஏற்றத்தாழ்வு மிக அதிகமுள்ள நாடுகளில் ஒன்று தென் ஆப்பிரிக்கா.

அப்போ ‘டவுன்ஷிப் டூர்’ தப்பா?

போவது தப்பில்லை. வேனை விட்டு இறங்காமல், கண்ணாடி வழியாகப் படம் எடுத்துத் திரும்புவதுதான் தப்பு. மும்பை தாராவியில் நம்ம சொந்தக்காரர் வீட்டு வாசலில், ஒரு வெளிநாட்டவர் கேட்காமலே கேமராவை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

என்ன செய்யலாம்?

அந்தப் பகுதிக்காரர்களே நடத்தும் டூரா என்று விசாரித்து புக் பண்ணலாம். நடந்து சுற்றலாம். அங்குள்ள கடையிலேயே சாப்பிடலாம். பேரம் பேசுவதைக் குறைக்கலாம்.

டேபிள் மலையைப் படமெடுக்க யார் அனுமதியும் வேண்டாம். மனுஷங்களைப் படமெடுக்க வேணும்.