மூணு மாசம் வரைக்கும் மூச்சு விடாதே!

"மூணு மாசம் முடியற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதே." நம் வீடுகளில் கர்ப்பம் என்று தெரிந்ததும் போனில் வரும் முதல் உத்தரவு இதுதான். வாழ்த்தெல்லாம் அப்புறம். கண்ணு பட்டுடும், நிலைக்கட்டும் பார்க்கலாம், ஊர் வாயில் விழவேண்டாம் என்று காரணம் ஆளுக்கு ஒன்றாக இருக்கும். உத்தரவு மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றே.

இந்த உத்தரவுக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரை விட்டு வந்து புனேயிலும் நொய்டாவிலும் வதோதராவிலும் குடித்தனம் நடத்துகிற நமக்கு இந்தப் பழக்கம் ஆகாது. பெண்களை இது வதைக்கிறது.

பெரியவர்கள் கோபப்படுவதற்கு முன் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊரில் நிஜமாகவே யாருக்கும் தெரியாமலா இருந்தது? தாளிக்கிற வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாலே எதிர்வீட்டு ஆச்சிக்குப் புரிந்துவிடும். இந்த மாசம் அவள் தலைக்கு ஊற்றவில்லை என்பதை அத்தை கணக்கு வைத்திருப்பாள். அம்மா, சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று ஐந்தாறு பெண்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர்கள் வெளியே சொல்லவில்லை, அவ்வளவே. அவள் இடுப்பில் இருந்த தண்ணிக்குடத்தைப் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். ராத்திரி துணியில் லேசாக ரத்தம் பட்டால் எழுப்புவதற்கு அடுத்த பாயில் ஓர் ஆள் படுத்திருந்தாள். வாயைக் கட்டினார்கள், ஆளைத் தனியாக விடவில்லை.

நாம் என்ன செய்தோம்? ரயிலேறும்போது அந்த வாய்ப்பூட்டை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம். அந்த ஐந்தாறு பெண்களை ஊரிலேயே விட்டுவிட்டோம்.

நிற்க. இடையில் இன்னொன்றும் மாறியிருக்கிறது. அந்தக் காலத்தில் முதல் மூன்று மாதத்தில் கவலைப்படத் தனியாகக் காகிதம் எதுவும் கையில் இருக்காது. இப்போது ஆறேழு வாரத்தில் ஒரு ஸ்கேன். துடிப்பு தெரியவில்லை என்றால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து இன்னொன்று. 11 வாரம் முடிந்து 14 வாரம் நிறைவதற்குள் என்.டி. ஸ்கேன், கூடவே டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிப்போர்ட், அதில் புரியாத ஆங்கில எழுத்துகள், மில்லிமீட்டர்கள். இத்தனை காகிதத்தையும் ஒரு பெண் தனியாக, யாரிடமும் சொல்லாமல், நடுராத்திரி போன் வெளிச்சத்தில் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறாள். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்த வங்கிக்காரி. ஆனால் இந்தக் குடியிருப்பில் பல பெண்களோடு ஸ்கேன் சென்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பார்த்த குழப்பங்கள் பெரும்பாலும் நோயால் வந்தவை இல்லை. சொல்ல ஆள் இல்லாததால் வந்தவை.

சின்ன உதாரணம். டாக்டர் சீட்டில் டி.வி.எஸ். என்று எழுதுவார். நமக்கு டி.வி.எஸ். என்றால் மதுரையும் மொபெட்டும்தான் ஞாபகம் வரும் :-) அது பிறப்புறுப்பு வழியாகக் கருவியை வைத்துப் பார்க்கும் ஸ்கேன். கரு மிகச் சின்னதாக இருக்கும்போது வயிற்றின் மேலே வைத்துப் பார்ப்பதைவிட இதில் தெளிவாகத் தெரியும். கருவுக்கு ஆபத்தில்லை. இதை முன்னாடியே ஓர் அக்கா சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷ விஷயம். யாரும் சொல்லாததால் அந்த அறைக்குள் போய், மொழி தெரியாத ஊரில், உடை மாற்றச் சொன்ன பிறகு தெரிந்துகொண்டு வெலவெலத்துப்போய் வந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று நாள் கணக்கு. டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். எட்டு வாரம் என்றால் கரு உருவாகிச் சுமார் ஆறு வாரம். இது தெரியாமல், "அவர் ஆன்சைட்லேர்ந்து வந்தே ஆறு வாரம்தானே ஆச்சு, எட்டுன்னு போட்டிருக்காங்களே" என்று நடுங்கியவளை எனக்குத் தெரியும். மாமியாருக்கு யார் விளக்குவது என்ற பயம் வேறு. சிரிப்பாக இருக்கிறதா? அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இப்போது பெரிய விஷயம். 2022-ல் எங்கள் குடியிருப்பில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஏழு வாரம் என்று கணக்குப் போட்டு ஸ்கேனுக்குப் போனாள். இங்கே ஸ்கேன் என்று சொல்வதைவிட சோனோகிராபி என்றுதான் சொல்வார்கள். கரு 4 மில்லிமீட்டர், துடிப்பு இல்லை. "தட்கன் நஹி திக் ரஹி, பத்து நாள் கழித்து வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்குப் புரிந்ததெல்லாம் அந்த 'நஹி' மட்டும்தான். அம்மாவுக்கு பி.பி., அதனால் சொல்லவில்லை. மாமியார், நிலைக்கட்டும் என்று சொன்னவர், அதனால் அங்கேயும் சொல்லவில்லை. கணவருக்கு புராஜெக்ட் டெட்லைன். பத்து நாளும் சமைத்தாள், கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்தாள், வயிற்றில் இருப்பது உயிரா இல்லையா என்று தெரியாமல் மாடிப்படி ஏறி இறங்கினாள்.

அவளிடம் யாரும் சொல்லாதது இதுதான். கரு 7 மில்லிமீட்டரைத் தொட்ட பிறகும் துடிப்பு இல்லை, அல்லது கருப்பைக்குள் கரு வளரும் பை (ஜெஸ்டேஷனல் சாக்) 25 மில்லிமீட்டர் ஆன பிறகும் உள்ளே கரு இல்லை என்றால்தான் டாக்டர்கள் ஒரே ஸ்கேனில் நம்பிக்கை இல்லை என்று முடிவுக்கு வருவார்கள். அதற்குக் குறைவாக இருந்தால் பொறுத்து மறுபடி பார்க்கவேண்டும் என்பதுதான் முறை. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறவர்களுக்குக் கணக்கு ஒரு வாரம், பத்து நாள் பிசகுவது சகஜம். 'பத்து நாள் கழித்து வா' என்றால் இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம், போய்விட்டது என்று இல்லை.

பத்தாம் நாள் காலை ஆட்டோ எங்கே கிடைக்கும் என்று கீழ்வீட்டு மராத்திக்கார காகுவிடம் கேட்டிருக்கிறாள். காகு அவள் முகத்தைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். அன்றைக்குத் துடிப்பு தெரிந்தது, பையன் இப்போது கீழே சைக்கிள் ஓட்டுகிறான். தெரியாமல் போயிருந்தாலும் அந்தப் பத்து நாள் அதே பத்து நாள்தான். அதே குடியிருப்பில் தமிழ்க் குடும்பம் பதினொன்று இருந்தோம். ஒருத்தருக்கும் தெரியாது. மொழி தெரியாத ஒரு காகுதான் துணைக்குப் போனார். நமக்கு வெட்கமாக இல்லையா?

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டு அப்புறம் கலைஞ்சு போச்சுன்னா? ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொல்லணுமே." இது நியாயமான கேள்வி. பதிலும் சொல்கிறேன். தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை தானாகக் கலைந்துவிடுகின்றன. பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். அவற்றில் பாதிக்கு மேல், கரு உருவாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்படும் பிசகால். கண்ணு பட்டதாலோ, மூன்று மாடி ஏறியதாலோ, யாரிடமோ சொன்னதாலோ இல்லை. சொல்லாமல் இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. மாறுவது ஒன்றுதான். சொல்லியிருந்தால் ரசம் சாதம் கொண்டுவர ஓர் ஆள் இருக்கும். சொல்லாவிட்டால், எல்லாம் முடிந்து இரண்டாவது வாரம் பொங்கல் விழாவில் ஒரு மாமி வந்து சிரித்துக்கொண்டே கேட்பார், "என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?" அந்தக் கேள்விக்கும் சிரித்துவிட்டு வரவேண்டும். எது கஷ்டம், நீங்களே சொல்லுங்கள்.

ஊருக்கே தண்டோரா போடச் சொல்லவில்லை. நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்கிறேன். எப்படித் தேர்ந்தெடுப்பது? துக்கம் வந்தால் யார் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று தோன்றுகிறதோ அவர்களிடம் சந்தோஷத்தையும் சொல்லுங்கள்.

ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம். ஒரு வங்கியில் வேலை பார்க்கும் பெண், ஒன்பதாவது வாரம் கலைந்துபோனது. 'வைரல் ஃபீவர்' என்று எழுதிக்கொடுத்து மூன்று நாள் லீவு. நாலாம் நாள் கவுண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணினாள். குழந்தை பிறந்தால் 26 வாரம் லீவு என்பது 2017 திருத்தத்துக்குப் பிறகு எல்லாருக்கும் தெரியும். கரு கலைந்தால் அடுத்த நாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு என்பது 1961-ம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. மருத்துவச் சான்று கொடுத்தால் போதும். உடம்பு அதனால் மேலும் கெட்டால் இன்னொரு மாதமும் கேட்கலாம். உரிமை ஏட்டில் இருக்கிறது. ஆனால் கர்ப்பமே ரகசியம் என்றால் கலைந்ததற்கு எப்படி லீவு கேட்பாள்? நம் மௌனத்தால் லாபம் யாருக்கு என்று பாருங்கள். முதலாளிக்கு ஐந்தரை வாரச் சம்பளம் மிச்சம்.

புரமோஷன் போய்விடும், டிரான்ஸ்பர் வரும் என்ற பயம் எனக்கும் தெரியும். மேனேஜரிடம் முதல் நாளே சொல்லவேண்டாம். பக்கத்து சீட்டில் இருக்கும் ஒரு பெண்ணிடமாவது சொல்லிவையுங்கள். மயக்கம் வந்து விழுந்தால் ஆம்புலன்சில் ஏறி, "இவள் கர்ப்பம்" என்று சொல்ல ஒருத்தி வேண்டாமா?

அது ஏன் உயிர் விஷயம் என்றும் சொல்லிவிடுகிறேன். கரு சில சமயம் கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கிவிடும். ஒருபக்கமாகக் கடுமையான அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம், ரத்தப்போக்கு. இதில் எது வந்தாலும் ராத்திரி இரண்டு மணி ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், காலை வரை காத்திருக்கக்கூடாது. அந்த நேரத்தில் கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டுக்கு முன்னாடியே விஷயம் தெரிந்திருக்கவேண்டும்.

சரி, சொல்லப்படுகிறவர்களுக்கும் கடமை உண்டு. நம்மை நம்பிச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றால் அதில் நம் வாய்க்கும் பங்கிருக்கிறது.

முதலாவது, கேட்டதைக் கடத்தாதீர்கள். வாடிக்கையாளர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று நாங்கள் வெளியே சொல்வோமா? அதே மாதிரிதான் இதுவும்.

இரண்டாவது, உங்கள் பயங்கரக் கதைகளை அவிழ்க்காதீர்கள். "எங்க நாத்தனாருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" வேண்டவே வேண்டாம். அதே அளவு ஆபத்து, "எனக்கும் ரத்தம் பட்டுச்சு, ஒண்ணும் ஆகலை, பேசாம படு" என்பதும். வைத்தியம் டாக்டர் சொல்லட்டும். நம் வேலை கூடப் போவது.

மூன்றாவது, கூடப் போனால் டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். கரு எத்தனை மில்லிமீட்டர், துடிப்பு உண்டா, அடுத்து எப்போது வரவேண்டும். பயத்தில் இருப்பவளுக்குக் காது கேட்காது. அவளுக்கு மராத்தியோ இந்தியோ வராது என்றால் நீங்கள்தான் அவள் நாக்கு.

நான்காவது, டபுள் மார்க்கர் ரிப்போர்ட்டில் '250-ல் ஒன்று' என்று வந்துவிட்டால் ஒப்பாரி வைக்காதீர்கள். அதே கணக்குள்ள 250 பேரில் 249 பேரின் குழந்தைக்கு அந்தக் குறை இருக்காது. கடன் மனுவுக்கு சிபில் ஸ்கோர் பார்க்கிற மாதிரி அது ஒரு வடிகட்டல். இன்னும் விசாரிக்கவேண்டும் என்று சொல்லும், தீர்ப்பு சொல்லாது.

ரங்கமணிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்கேன் தேதி வந்தால் லீவு போடுங்கள். டெட்லைன் போனால் அடுத்த வாரம் இன்னொன்று வரும். அந்த அறை வாசலில் உங்கள் மனைவி தனியாக உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம் பிறகு எப்படியும் திரும்பி வராது.

ஊரிலிருந்து உத்தரவு போடும் அம்மாக்களே, மாமியார்களே, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து "சொல்லாதே" என்று சொல்வது சுலபம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அங்க உனக்குப் பக்கத்துல யாரு இருக்கா?" அவள் ஒரு பேரையாவது சொல்லட்டும். சொல்ல முடியவில்லை என்றால் திருஷ்டி சுற்றிப் போடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவளுக்கு ஒரு ஆளைத் தேடிக் கொடுங்கள்.