மனசுக்குள் உட்கார்ந்திருக்கும் செக்கர்

கீழப்பாவூரில் எங்கள் தெருவில் பீடி சுற்றாத வீடு குறைவு. இலையை நனைத்து, தகட்டு அளவுக்கு வெட்டி, தூள் வைத்து உருட்டி, நூல் கட்டி, 25 பீடி ஒரு கட்டாகப் போட்டு, சாயங்காலம் அம்மா கடைக்குக் கொண்டுபோவாள். அங்கே செக்கர் கட்டைப் பிரிப்பார். நூல் தொய்வு, இலைக் கீறல், தூள் குறைவு என்று சொல்லிக் கொஞ்சத்தைக் கழிப்பார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது.

"நூல் தொய்வா இருக்கு" என்று அவர் சொன்ன நாட்களில் அம்மா வீட்டுக்கு வந்து நூலை இறுக்கிக் கட்டிப் பழகினாள். ஒருநாள் வேறு மாதிரி சொன்னார்: "உங்க தெருக்காரங்க கைக்கு இதுக்கு மேல வராது." அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. நூலை இறுக்கலாம். கையை என்ன செய்வது?

இதை நான் சரியாகப் புரிந்துகொண்டது சென்னைக்குப் படிக்கப் போன பிறகுதான். முதல் வகுப்பில் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தப்பாக உச்சரித்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் இரவு விடுதியில் படுத்துக்கொண்டு அந்தச் சொல்லை நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். அடுத்த இரண்டு செமஸ்டர் வகுப்பில் வாயே திறக்கவில்லை. கேள்வி கேட்க நினைத்தால், 'உனக்கு இதுக்கு மேல வராது' என்று உள்ளே ஒரு குரல். செக்கரை நான் பாவூர்சத்திரத்தில் பஸ் ஏற்றிக் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்!

'உங்களை நீங்களே நேசியுங்கள்' என்று இன்ஸ்டாகிராமில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. தன்னைத்தானே திட்டிக்கொள்வது நமக்குத் தனிப்பட்ட சுபாவமாகத் தெரியலாம். ஆனால் அந்தக் குரலுக்கு ஊர் உண்டு, தெரு உண்டு, சாதி உண்டு. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் குறித்து சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்களின் புறக்கணிப்பு, விடுதியில் ஒதுக்கல் என்று பலரும் சொன்னவை அதில் பதிவாகியிருக்கின்றன. அறிக்கை வரும்வரை தன் அறையில் தனியாக உட்கார்ந்து 'நான்தான் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை' என்று நினைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

2022 செப்டம்பரில் இதே தென்காசி மாவட்டத்தின் பாஞ்சாகுளத்தில், தலித் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தரமாட்டேன், ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது என்று ஒரு கடைக்காரர் சொன்ன காணொளியைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் கோபப்பட்டோம். அவர் கைதும் செய்யப்பட்டார். எனக்கு மறக்காமல் நிற்பது அந்தப் பிள்ளைகள் கேட்டதுதான். என்ன கட்டுப்பாடு என்று கேட்டார்கள். எங்களிடம் என்ன குறை என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வியை நாம் பள்ளி, கல்லூரி, வேலை என்று போகப் போகத்தான் கற்றுக்கொள்கிறோம்.

1925இல் தொடங்கிய இயக்கம் தன் பெயரையே சுயமரியாதை என்று வைத்துக்கொண்டது. 1929 செங்கல்பட்டு மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பட்டத்தை விட்டோம், புரோகிதரை விட்டோம். நம்மைப் பற்றி நாமே கேவலமாகப் பேசுவதை மட்டும் அடக்கம் என்ற பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறோம். தோழர்கள் மத்தியிலேயே பாருங்கள். 'நான் அம்பேத்கரை முழுசா படிச்சதில்ல, நான் என்ன பேச' என்று கூட்டத்தில் பின்னால் போய் உட்காருகிறவர் பெரும்பாலும் யார்? ஆதிக்கச் சாதியில் பிறந்த முற்போக்குத் தோழர்கள் சிலர் மேடையில் தங்களையே சாட்டையால் அடித்துக்கொள்வதும் உண்டு. அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அந்த நேரத்துக்குச் சொந்த வீட்டில் ஒரு சண்டை போடலாம்.

அப்படியானால் சுயவிமர்சனமே வேண்டாமா? வேண்டும். நூல் தொய்வாக இருந்தால் தொய்வுதான். பிழையைத் திருத்த முடிந்தால் அது விமர்சனம். கேட்டு முடித்த பிறகு செய்வதற்கு எதுவுமே இல்லாமல், பிறந்ததே தப்பு என்று தோன்றினால் அது செக்கரின் குரல்.

பீடித் தொழிலாளர் சட்டம் என்று 1966இல் ஒன்று வந்தது. அதன் 39ஆம் பிரிவில், பீடியைக் கழிப்பது, கழித்ததற்கான கூலி ஆகியவை பற்றித் தகராறு வந்தால் அதைத் தீர்த்துவைக்க ஓர் அதிகாரி வேண்டும் என்று இருந்தது. படித்தபோது சிரிப்பு வந்தது. கழிக்கப்பட்ட பீடிக்குக்கூட முறையிட ஓர் இடம் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு நம்மை நாமே கழித்துப் போடும்போது எங்கே முறையிடுகிறோம்?

நாங்கள் விடுதியில் ஒன்று செய்தோம். யாராவது 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்று ஆரம்பித்தால், இன்னொருத்தி "செக்கர் வந்துட்டாரா?" என்று கேட்பாள். பிறகு மூன்று பேர் உட்கார்ந்து, நிஜமாகவே என்ன நடந்தது என்று பேசுவோம். யார் என்ன சொன்னார்கள், எது நம் பிழை, எது இல்லை. பாதி நாள் பிழை நம்முடையதாகத்தான் இருக்கும், மறுநாள் திருத்திக்கொள்வோம். மூன்றாவது செமஸ்டரில் நான் வகுப்பில் கேள்வி கேட்டேன். அந்தச் சொல்லை மறுபடியும் தப்பாகத்தான் உச்சரித்தேன். பேராசிரியர் பதில் சொன்னார், குறித்துக்கொண்டேன்.

லீவுக்கு ஊருக்குப் போனபோது இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் தட்டிலிருந்து நிமிராமலேயே கேட்டாள்: "அன்னைக்கு அந்த மனுசன் அப்படிச் சொன்னாருல்லா, மறுநா நாங்க அஞ்சாறு பேராப் போயி அதே கட்டைத் திரும்பப் பிரிச்சுப் பாக்க வச்சோமே, அது ஒனக்கு ஞாவகம் இல்லையாட்டி?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவள் சாப்பிடாமல் படுத்தது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.