நான்காம் மணி நேரத்து ரத்தம்

நாய்களுக்கு உண்டாகும் குஷிங் வியாதியைப் பற்றி இவ்விதழுக்கு வந்து சேரும் குறிப்புகளைச் சேர்த்து வாசிப்பவர் எவருக்கும் ஒரு விஷயம் புலப்படாமற் போகாது. தீராத தாகம், ஓயாத சிறுநீர், அடங்காப் பசி, சரிந்து தொங்கும் வயிறு, இருபுறமும் ஒத்து உதிர்ந்த ரோமம், நரம்பு தெரிய மெலிந்த தோல் என்ற லக்ஷணங்களையெல்லாம் நம்மவர்கள் கூர்ந்து காண்கிறார்கள். கார்ட்டிசால் மிகுதியை நிரூபிக்கும் பரீட்சையையும் குறைவின்றிச் செய்கிறார்கள். ஆனால் அந்த மிகுதி எந்தச் சுரப்பியிலிருந்து புறப்படுகிறது என்ற கேள்வி எழ வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. ‘குஷிங் உறுதி; டிரைலோஸ்டேன் ஆரம்பிக்கப்பட்டது’ என்ற வரியோடு குறிப்பு முடிகிறது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானம் யாவரும் அறிந்ததே. பிட்யூட்டரியில் கட்டி இருந்தாலும் அட்ரீனலில் கட்டி இருந்தாலும் கொடுக்கப்போவது அதே மாத்திரைதானே, பிறகு நாயின் சொந்தக்காரருக்கு ஏன் வீண் செலவு என்கிறார்கள். இயற்கையாகத் தோன்றும் குஷிங்கில் நூற்றுக்கு 80 முதல் 85 வரை பிட்யூட்டரியைச் சார்ந்தவையே என்பதால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்ற தைரியமும் இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. மீதியுள்ள அட்ரீனல் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி புற்றுத்தன்மை உடையவை என்பதையும், காலத்தில் கண்டு அகற்றினால் பூரண குணத்துக்கு இடமுண்டு என்பதையும், கண்டுகொள்ளாமல் விட்டால் அவை கீழ்ப்பெருஞ்சிரைக்குள் புகுந்தும் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவியும் போகக்கூடும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்தத் தைரியம் யாருடைய செலவில் என்பது விளங்கும்.

எந்தச் சுரப்பி என்ற தர்க்கம் இந்த வியாதியோடு கூடவே பிறந்தது. பால்டிமோரில் ஹார்வி குஷிங்கும் அவருடைய சகாக்களும் நாய்களின் பிட்யூட்டரியை அகற்றிப் பார்த்த சோதனைகள் 1910-இல் வெளிவந்தன. மனிதரில் இந்த லக்ஷணக் கூட்டத்துக்குப் பிட்யூட்டரியின் சிறு கட்டிகளே மூலம் என்று அவர் வாதித்த கட்டுரை வந்தது 1932-இல். அட்ரீனல் கட்டியும் இதே தோற்றத்தை உண்டாக்கும் என்பது பிற்பாடு ஐயமற நிலைபெற்றது. நாய்களால் கிடைத்த ஞானத்தை நாய்களுக்கே பயன்படுத்துவதில் நாம் காட்டும் சோம்பல் சற்று விசித்திரமானதுதான்.

சுரப்பிகளைத் தேடிப் போவதற்கு முன் மூன்றாவதொரு மூலத்தை விலக்கியாக வேண்டும்; அது வைத்தியரின் கை. அரிப்புக்கென்று மாதந்தோறும் போடப்பட்ட டிரையாம்சினலோன் ஊசியும், காதுச் சொட்டு மருந்தும், கண் மருந்தும், மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கிய தோல் களிம்பும் இதே சித்திரத்தை வரைய வல்லவை. ‘ஏதாவது மருந்து கொடுத்தீர்களா’ என்று கேட்டால் ‘ஒன்றும் கொடுக்கவில்லை, டாக்டர்’ என்றுதான் பதில் வரும். ஏனெனில் களிம்பை யாரும் மருந்தென்று நினைப்பதில்லை. வீட்டிலுள்ள மருந்துப் பையை அப்படியே எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு டியூபின் பின்புறத்தையும் படித்துப் பார்ப்பதே உபாயம். தன் கையில் தடவிய களிம்பைத் தன் நாய் தினமும் நக்குகிறது என்பதை அந்தப் பை திறந்த பிறகே நினைவுகூரும் எஜமானர்களும் உண்டு. இத்தகைய நாயில் ஏ.சி.டி.எச். தூண்டுதல் பரீட்சை செய்தால் கார்ட்டிசால் ஏறாமல் தட்டையாகக் கிடக்கும். சுரப்பிகள் இரண்டுமே சுருங்கியிருக்கும். ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சுரப்பிகளுக்கு டிரைலோஸ்டேன் கொடுப்பது எத்தகைய அபாயம் என்பதை விவரிக்கத் தேவையில்லை; ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் அபாயமே, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இனி, கையிலேயே இருந்தும் நாம் வாசிக்காமல் விடும் சாட்சியத்துக்கு வருவோம். கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம் டெக்ஸாமெதசோனைச் சிரையில் செலுத்தி, அதற்கு முன்னும், நான்கு மணி நேரத்திலும், எட்டு மணி நேரத்திலும் ரத்தம் எடுப்பது குறைந்த அளவு அடக்கற் பரீட்சை. வியாதி உண்டா இல்லையா என்பதை எட்டாம் மணி நேர ரத்தமே சொல்லிவிடுகிறது என்ற காரணத்தால், நடுவிலுள்ள ரத்தம் அநேக கிளினிக்குகளில் எடுக்கப்படுவதே இல்லை. ஆனால் மூலத்தைப் பற்றிப் பேசும் வாய் அந்த நான்காம் மணி நேர ரத்தத்துக்கு உண்டு. பிட்யூட்டரிக் கட்டி டெக்ஸாமெதசோனுக்குச் சிறிது நேரமாவது பணிந்து, பிறகு மீறி எழுகிறது; அட்ரீனல் கட்டியோ முன்பே ஏ.சி.டி.எச்.-ஐ அடக்கிவைத்துத் தன்னிச்சையாகச் சுரப்பதால், புதிதாக அடங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆகவே எட்டாம் மணியில் கார்ட்டிசால் உயர்ந்து நின்று, நான்காம் மணியில் அது ஆய்வுக்கூடத்தின் எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தாலும், நான்கிலோ எட்டிலோ தொடக்க அளவில் பாதிக்கும் குறைந்திருந்தாலும், பிட்யூட்டரியே மூலம் என்று எழுதலாம். அந்த வகை நாய்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு வேறு பரீட்சை வேண்டியதில்லை. அடங்கவே இல்லையென்றால் மாத்திரம் தீர்ப்பை நிறுத்திவைக்க வேண்டும். பிட்யூட்டரி வகையிலும் அடங்காதவை கணிசமாக உள்ளபடியால், அதைக்கொண்டு அட்ரீனல் கட்டி என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து கிலோ பொமரேனியனுக்கு வேண்டியது 0.05 மில்லிகிராம், மில்லிக்கு 4 மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து அது ஒரு மில்லியில் எண்பதில் ஒரு பங்கு. சலைனில் கலந்து நீர்க்கச் செய்யாமல் இதை எந்த ஸிரிஞ்சாலும் துல்லியமாக எடுக்க இயலாது. அளவு மிஞ்சினாலோ அடங்கக் கூடாததும் அடங்கி, பரீட்சை பொய் சொல்லும்.

அல்ட்ராசவுண்ட் அறிக்கைகளிலும் இவ்வாறே பாதி சாட்சியம் விடுபடுகிறது. ‘இடது அட்ரீனலில் கட்டி’ என்று எழுதியவர் வலது சுரப்பியைப் பற்றி மௌனம் சாதிக்கிறார். கார்ட்டிசாலைச் சுரக்கும் கட்டி ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கச் சுரப்பி வேலையற்றுச் சுருங்க வேண்டும். அதன் கனம் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்திருப்பது அட்ரீனல் மூலத்துக்கு வலுவான சான்று. அதுவும் பருத்திருந்தால், ஒரு பக்கம் முண்டு விழுந்த பிட்யூட்டரி வகையாகவே அது இருக்கக்கூடும். அல்லது கண்ட கட்டி ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருந்து, ரத்த அழுத்தத்தைப் பாராமல் கத்தியை எடுப்பவரை மேஜை மீதே திகைக்கவைக்கும். வலது சுரப்பி பெருஞ்சிரையை ஒட்டி ஆழத்தில் கிடப்பதால் தேடுவதற்குப் பொறுமை வேண்டும் என்பது உண்மையே. பார்த்தும் தென்படவில்லையானால் தென்படவில்லை என்று எழுதுவது, எழுதாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

ரத்தத்தில் ஏ.சி.டி.எச். அளவைக் காண்பது நேரான வழி. ஆயினும் அது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், அறைச் சூட்டில் விரைவாகச் சிதையும், பிளாஸ்டிக் ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து, குளிரில் சுழற்றி, உடனே உறையவைக்க வசதியில்லாத இடத்திலிருந்து அனுப்பினால் அளவு பொய்யாகக் குறைந்து, பிட்யூட்டரி நாய் அட்ரீனல் நாயாகி, தேவையற்ற அறுவைக்குப் படுத்துவிடும்.

பிட்யூட்டரி என்று தெரிந்தபின்னும் கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. சிகிச்சை தொடங்காத குஷிங் நாய் ஆவலோடு உண்ணும். அது உணவை வெறுத்து, சுவரைப் பார்த்து நின்று, இலக்கின்றித் திரியுமானால், கட்டி மூளையை அழுத்துமளவு வளர்ந்திருக்கிறதா என்று சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. மூலம் பார்க்க வேண்டும். மாத்திரை உண்ணும் நாய் பசியிழந்தால் முதலில் கார்ட்டிசால் அதிகமாகக் குறைந்துவிட்டதா என்று சோதிப்பதே முறை. அது சரியாக இருக்கும்போது மூளையை மறப்பது முறையல்ல.

வரும் இதழிலிருந்து, குஷிங் பற்றிய குறிப்புகளில் மூன்று நேரத்துக் கார்ட்டிசால் அளவுகளும், இரு அட்ரீனல்களின் கனமும், முந்தைய ஆறு மாதங்களில் நாய் பெற்ற ஸ்டீராய்டுகளின் விவரமும் இடம்பெற வேண்டும் என்று ஆசிரியர் குழு தீர்மானித்திருக்கிறது. இவற்றில் எதைச் செய்ய இயலவில்லையோ அதற்குரிய காரணத்தை ஒரு வரியில் தெரிவித்தால் போதும். எதையும் குறிப்பிடாதவை எழுதியவருக்கே திருப்பி அனுப்பப்படும்.