மூக்குச் சதை: கத்தியோடு முடியும் காரியமா?

மூக்கினுள் சதை வளர்ந்தால் வெட்டி எறிவதே வழி, வெட்டிய பின் வேறு சிகிச்சை வேண்டியதில்லை, மறுபடி வளர்ந்தால் வெட்டியவர் கைத்திறன் போதவில்லை என்னும் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. 1823-இல் பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியில் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964-இல் ஜவாஹர்லாலின் பெயரைத் தாங்கிய கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையை நாடிக் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பஸ் ஏறி வரும் ஜனங்களில், மாதக்கணக்காக மூக்கடைத்து, மல்லிகையின் வாசமும் ரசத்தின் மணமும் அறியாதவர்களாய் வருந்துவோருக்கு இந்த அபிப்பிராயம் இழைக்கும் தீங்கு சிறிதன்று. ஆகவே அதனையும் அதையொட்டி எழும் கூற்றுக்களையும் ஒவ்வொன்றாக ஆராய்வது அவசியம்.

முதலாவது, மூக்குச் சதை தனியாக முளைத்த கட்டி என்பது. உண்மையில், மூக்கையும் அதைச் சூழ்ந்த சைனஸ் அறைகளையும் உட்புறம் போர்த்தியிருக்கும் சவ்வே நாட்பட்ட அழற்சியால் நீர் கோத்து வீங்கித் தொங்குகிறது; பாலிப் என்பது இதுவே. இவ்வீக்கத்தின் காரணத்தை அறியச் சரீரத்தின் ஓர் இயல்பை நோக்க வேண்டும்: பழைய திசுவைக் கரைப்பதும் புதியதைக் கட்டுவதும் சரீரத்தில் ஓயாமல் நடக்கும் காரியங்கள். தவளையாக மாறும் தலைப்பிரட்டையின் வால் மறைவதை ஆராய்ந்த ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியேரும், கொலாஜன் நாரைக் கரைக்கும் நொதி ஒன்றை 1962-இல் கண்டறிந்தார்கள். துத்தநாகத்தை மையத்தில் கொண்டு இயங்கும், எம்எம்பி எனப்படும் அந்த நொதியின் குடும்பத்து நொதிகள் மனிதரிடம் 20-க்கு மேல் உண்டு. சுவர் இடிக்கும் ஆட்களை மேஸ்திரி கட்டுக்குள் வைப்பதுபோல, டிம்ப் எனப்படும் புரதங்கள் அவற்றைப் பற்றி அடக்குகின்றன. பாலிப் கண்ட சவ்விலோ எம்எம்பி-9 என்னும் நொதி மிகுகிறது. அதற்கு ஈடாக டிம்ப் மிகுவதில்லை. இந்தச் சமநிலைக் குலைவினால் திசுவின் கட்டுக்கோப்பு தளர்ந்து, இரத்தக் குழாய்களினின்று கசியும் நீர் அங்கேயே தேங்குகிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

இரண்டாவது, வெட்டினால் வியாதி வேரற்றுவிடும் என்பது. கத்தி அகற்றுவது வீங்கிய பகுதியை மட்டுமே. அழற்சியும், நொதியைச் சுரக்கும் வெள்ளணுக்களும் எஞ்சிய சவ்வில் நிலைத்திருக்கின்றன. அறுவைக்குப் பின் மூக்கு நீரில் எம்எம்பி-9 மிகுந்திருந்தவர்களுக்குப் புண் செம்மையாக ஆறவில்லை என்று பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, ஆஸ்துமா, பாலிப் ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்வதைப் பாரிஸ் மருத்துவர் பெர்னாண்ட் விடால் 1922-இலேயே எழுதினார். அத்தகையோருக்குப் பாலிப் மீண்டும் மீண்டும் தலைதூக்குகிறது. ஆகவே மறுவளர்ச்சி எல்லாவற்றையும் சர்ஜனின் பிழையென்று தூற்றுவது நியாயமன்று.

மூன்றாவது, மறுபடி வளருமாயின் அறுவையே வீண் என்பது. இதுவும் பிழையே. எண்டோஸ்கோப் வழியாகச் செய்யும் அறுவை அடைபட்ட வாயில்களைத் திறந்துவிடுவதால், அதுவரை எட்டாதிருந்த இடங்களுக்கு உப்புநீரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் சென்று சேர்கின்றன. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே அஞ்சுவோர், நெடுநாள் விழுங்கும் மாத்திரைக்கும், மிகச் சொற்பமே இரத்தத்தில் கலக்கும் ஸ்பிரேக்கும் உள்ள பேதத்தை உணர வேண்டும்.

நான்காவது, விஞ்ஞானச் செய்திகளை அரைகுறையாகப் படித்தோர் கூறுவது: நொதியே குற்றவாளி, அதை ஒழித்தால் போதும். எம்எம்பி-9-ஐக் கட்டுப்படுத்தும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை பாலிப்பை ஓரளவு சுருக்கியதாக 2010-இல் ஒரு பரிசோதனை காட்டிற்று. பிந்தைய பரிசோதனைகளில் சில அதை உறுதிப்படுத்தவில்லை. இதில் வியப்பில்லை, அளவோடு இருக்கும் நொதியே புண்ணை ஆற்றவும் உதவுகிறது. பாலிப் இல்லாத நாட்பட்ட சைனஸ் வியாதியிலோ நார் மிகுந்து திசு இறுகுவதைக் காண்கிறோம். கரைத்தல், கட்டுதல் என்னும் இரண்டில் எது மிகினும் கேடே. குற்றம் நொதியினுடையதன்று, குலைந்த சமநிலையினுடையது.

ஆதலால் அறுவை என்பது சிகிச்சையின் ஓர் அங்கமேயன்றி முடிவன்று. ஒரு பக்கத்தில் மட்டும் சதை தோன்றினால் அது வேறு வியாதியாகவும் இருக்கக்கூடுமாதலின், தாமதியாமல் பரிசோதிக்க வேண்டும். மூச்சு தாராளமாக வரத் தொடங்கியதும் மருந்தை நிறுத்தாமல், உப்புநீரால் கழுவுவதையும் ஸ்பிரேயையும் மருத்துவர் சொல்லும் காலமெல்லாம் சிரத்தையோடு தொடர்வது நோயாளியின் கடமை. அதன் காரணத்தை அறுவைக்கு முன்பே அவருக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைப்பது மருத்துவரின் கடமை.